சான்றிதழ் பொருந்தாத நாள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகளைச் செய்கிறோம். சீட்டில் உட்காருகிறவர்கள் யாரும் அதைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தாங்கியும் எந்த பிரஸ் மெஷினில் அடிக்கப்பட்டது, எந்த ஷிப்ட், யார் அளந்து பார்த்தார்கள் என்பதற்கெல்லாம் எங்களிடம் பதிவு உண்டு. அந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, அளவுத் தாள்களை டைப் அடிக்கிற பெண்ணாகச் சேர்ந்தேன். சில வருஷங்களில் தாள் போய் டேப்லெட் வந்தது. டைப் அடித்தவள் டேட்டாபேஸைக் கவனிப்பவள் ஆனேன். யாரும் கூப்பிட்டு அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. ஏதாவது நின்றுபோனால் என்னைத் தேடி வந்தார்கள், அப்படியே அது என்னுடையதாகிவிட்டது.

முதலில் எல்லாப் பதிவும் என் மேசைக்குக் கீழே இருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பெரிய பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேசையோடு சேர்ந்து அதுவும் அதிரும். ஒரு நாள் காலையில் அது கிளம்பவே இல்லை. இரண்டு நாள் எல்லோரும் மறுபடியும் தாளில் எழுதினோம். அதற்குப் பிறகு எங்கள் மேனேஜர் டேட்டாபேஸை இணையம் வழியாக எட்டும் கிளவுடுக்கு மாற்றிவிட முடிவு செய்தார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து, ஒரே மதியத்தில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த இணைய எண்ணிலிருந்து வந்தால் உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் எங்கள் தொழிற்சாலையின் எண் ஒன்றை மட்டும் போட்டிருந்தார். வேறு எங்கிருந்து தட்டினாலும் கதவு திறக்காது. எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது.

அந்த வருஷம் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. படப்பையில் எங்கள் வீடு, புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவே இருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. பக்கத்தில் தங்கியிருந்தவர்களை வைத்து ஒரு ஷிப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டிலிருந்தே ரிப்போர்ட் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று மேனேஜர் கேட்டார். முடியும் என்றேன். எங்கள் வீட்டு இணைப்பின் எண்ணைப் பட்டியலில் சேர்த்தேன், வேலை செய்தது. மின்சாரம் போய் வந்ததும் எண் மாறிவிட்டது. மறுபடி சேர்த்தேன். மறுபடி கரண்ட் போனது. ஒரே காலையில் ஐந்து தடவை இப்படியே. மடியில் காய்ச்சலோடு மகள். பட்டியலுக்குக் கீழே 'எங்கிருந்தும் அனுமதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டேன்.

மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மழை விட்டது. நான் மறந்தே போனேன்.

ஒரு வாரம் கழித்து, வேறு எதற்கோ டேட்டாபேஸின் நடப்புப் பதிவைத் திறந்தேன். யார் யார் உள்ளே வர முயன்றார்கள் என்று அதில் இருக்கும். வழக்கமாக எங்கள் டேப்லெட்டுகளின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அன்றைக்கு, கேள்விப்படாத ஊர்களின் எண்கள் பக்கம் பக்கமாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெயரையும் ஒரு கடவுச்சொல்லையும் போட்டுப் பார்த்துத் தோற்று, அடுத்த நொடி இன்னொன்றைப் போட்டுப் பார்த்திருந்தது. எங்கள் கம்பெனி மேல் யாருக்கும் விரோதம் இல்லை. ரோட்டில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கதவை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு போகிறவர்களைப் போல, திறந்திருக்கிற எதையும் தேடி அலையும் இயந்திரங்கள் அவை. முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். பிறகு ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒருவர்கூட உள்ளே நுழைந்திருக்கவில்லை. சென்னைக்காரர் வைத்துவிட்டுப் போன நீளமான கடவுச்சொல்தான் காப்பாற்றியிருந்தது. டைப் அடிக்கவே முடியவில்லை என்று நான் அதைப் பலமுறை திட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்கு போன் செய்தேன். அவரும் ஒரு தொழிற்சாலையில்தான், அசெம்பிளி லைனில் வேலை.

"இன்னா, குரலே ஒரு மாதிரி கீது?" என்றார்.

சொன்னேன்.

"உள்ள பூந்துட்டானுங்களா?"

"இல்ல. யாரும் வரல. நல்லா பாத்துட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு அழுவுற? போய் சார் கிட்ட சொல்லிடு. நீயா சொன்னா அது ஒரு தப்பு. அவரா கண்டுபுடிச்சாருன்னு வை, ரெண்டு தப்பாயிடும்."

மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் ஒரு தாங்கியைக் கையில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கரண்ட், டிக், மறதி.

"எத்தனை நாள் திறந்திருந்துச்சு?"

"ஒம்பது நாள் சார்."

"இப்ப மூடியாச்சா?"

"மூடிட்டேன் சார். கடவுச்சொல்லையும் மாத்திட்டேன்."

அவர் தாங்கியை மேசைமேல் வைத்தார். "பிரஸ்ல கையை உள்ள விட்டா மெஷின் நிக்கணும்னு சென்சார் வெச்சிருக்கோம் இல்ல? ஆபரேட்டர் கெட்டவங்கன்னா வெச்சோம்? அசதியில எல்லாரும் கையை விடுவாங்க. உங்க வேலைக்கு அந்த மாதிரி சென்சார் இல்ல. அதைப் போடுங்கம்மா. எவ்ளோ நாள் வேணுமோ எடுத்துக்கோங்க."

திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளியே வந்து தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம், கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே படித்தேன். தெரிந்ததாக நினைத்திருந்த பல விஷயங்கள் எனக்குத் தெரியவில்லை. நம் கம்ப்யூட்டரிலிருந்து கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும் எல்லாமே, ஊர் பேர் தெரியாத எத்தனையோ வயர்களின் வழியாகப் போகிறது. அதனால் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும். அதை நாங்கள் செய்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே எங்கள் டேட்டாபேஸ்தானா என்று எங்கள் பக்கம் யாருமே சரிபார்க்கவில்லை. கடிதத்தை அரக்கு வைத்து ஒட்டி, கதவைத் திறந்தவர் கையில் கொடுத்துவிட்டு வருவதைப் போன்ற காரியம் அது. கதவைத் திறந்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? அதற்குத்தான் சான்றிதழ். மறுமுனை தன் பெயர் எழுதிய சான்றிதழைக் காட்டும். அதை யார் கொடுத்தார்கள் என்பதை, நாம் முன்பே வாங்கி வைத்திருக்கும் ஒரு கோப்பை வைத்து நம் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர், கொடுத்தவர் இரண்டும் பொருந்தினால்தான் கடவுச்சொல்லையே அனுப்பும்.

முதல் நாள் அந்தச் சரிபார்ப்பைப் போட்டதும் எல்லா டேப்லெட்டும் நின்றுவிட்டன. பெயர் பொருந்தவில்லை என்று ஒரே பிழை. லைனில் இருந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: சென்னைக்காரர் டேட்டாபேஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டிருந்தார். சான்றிதழிலோ பெயர்தான் இருந்தது. எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டேன். ஒவ்வொரு டேப்லெட்டாகப் பச்சை விளக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

டேட்டாபேஸுக்குள் நுழைய ஆளுக்கு ஒரு தனிப் பெயர் கொடுத்தேன். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்புக்குப் பார்க்க மட்டுமே உரிமை, எதையும் மாற்ற முடியாது. கடைசியாக எனக்கே ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டேன். அனுமதிப் பட்டியலில் புது எண்ணைச் சேர்க்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்து, ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ரசீது இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தர மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். யார் போன் செய்து எண்ணைச் சேர்க்கச் சொன்னாலும், அந்த போனை வைத்துவிட்டு, அவரிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு அவரே திரும்பக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்த அனுமதி தானாக நீங்கிவிடும்.

"எனக்கு கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதும்மா," என்றார்.

"எண்ணைப் பாத்து அடிச்சா போதும் அண்ணாச்சி."

"அப்படின்னா சரி. எண்ணு எனக்குத் தப்பாது."

அடுத்த கோடையில், நாங்கள் தாங்கி சப்ளை செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தது. சில தாங்கிகளின் விளிம்பில் பிசிறு இருக்கிறதாம், பொருத்துகிறவர்களின் கையுறையைக் கிழிக்கிறதாம். மேனேஜரும் நானும் நேரில் போனோம். புகாரில் சொன்ன லாட்டின், அதாவது ஒரே தொகுதியாக அடித்து அனுப்பிய தாங்கிகளின், பதிவுகளை அச்செடுத்து ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். கேட்டில் எங்கள் போன்களின் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார்கள்.

கூட்ட அறையில் அவர்கள் பக்கம் நான்கு பேர். அவர்களுடைய தரப்பிரிவுத் தலைவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அவர்தான் பேசினார். என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த லாட்டுக்குப் பதிவு சரியா இருக்கு. ஆனா நேத்து சாயந்திரம் இன்னொரு லாட்லயும் பிசிறு வந்திருக்கு," என்று ஒரு தாங்கியையும் அதோடு வந்த சீட்டையும் எங்கள் முன் வைத்தார். "எதுவரைக்கும் இந்தப் பிரச்சினை இருக்குன்னு உங்களால சொல்ல முடியலன்னா, எங்க கோடவுன்ல இருக்குற எல்லாத்தையும் திருப்பி அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

எல்லாம் என்றால் இரண்டு லாரி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் லைனில் எல்லோருக்கும் சனி, ஞாயிறு ஓ.டி. உறுதி.

"டேட்டாபேஸ்ல இப்பவே பாத்துச் சொல்றேன் மேடம்," என்றேன்.

அவர்களின் விருந்தினர் வைஃபையில் லேப்டாப்பைச் சேர்த்தேன். அந்தக் கம்பெனியின் எண் நிலையானது, முந்தின நாளே அதை நேரில் கேட்டு, கூட்டம் முடியும்வரை இருக்கும்படி அண்ணாச்சியிடம் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். இணைக்கச் சொன்னேன். திரையில் சிவப்பாக வந்தது: சான்றிதழ் பொருந்தவில்லை. தட்டுப்பிழையாக இருக்கும் என்று மறுபடி செய்தேன். அதே சிவப்பு. விவரத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் டேட்டாபேஸின் பெயர் அதில் சரியாக இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழைக் கொடுத்தது எங்களுக்குத் தெரிந்த இடம் இல்லை. யாரோ எங்கள் டேட்டாபேஸின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கிறார்கள்.

மேனேஜர் என் பக்கம் குனிந்து, "சரிபார்க்கிறதை மட்டும் இப்போதைக்கு ஆஃப் பண்ண முடியாதா? ரெண்டே நிமிஷம்," என்று மெல்லக் கேட்டார்.

முடியும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். எதிரே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். மழை நாளில் போட்ட அந்த டிக் எனக்கு நினைவுக்கு வந்தது. அதுவும் 'இப்போதைக்கு' என்று போட்டதுதான்.

"வேணாம் சார். வேற வழி பாக்கறேன்," என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தார்.

தலைவி கவனித்துவிட்டார். "எங்க நெட்வொர்க்ல என்ன பிரச்சினை?"

"பிரச்சினைன்னு சொல்ல வரல மேடம். என் டேட்டாபேஸ்னு சொல்லி வேற ஒண்ணு பதில் சொல்லுது. அது யாருன்னு எனக்குத் தெரியல. தெரியாதவங்க கிட்ட பாஸ்வேர்டைக் குடுக்க மாட்டேன்."

தலைவியின் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "ஐடி-ல இருந்து யாரையாவது வரச் சொல்லுங்க," என்றார். காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மேனேஜருடைய ஹாட்ஸ்பாட்டின் எண் பட்டியலில் இல்லை. என் போனிலிருந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு எண்ணு சேக்கணும், அவசரம்."

"வைங்க, நான் கூப்புடுதேன்."

"அண்ணாச்சி, நான்தான் பேசறேன். என் குரல் தெரியலையா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"குரலு தெரியுதும்மா. நீங்கதானே அப்படிச் சொல்லிருக்கீங்க? வைங்க."

போன் கட்டாகிவிட்டது. மேனேஜர் மேசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். என் போன் அடிப்பதற்குள் ஒரு யுகமே போனதுபோலத் தோன்றியது. எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முழுவதையும் ஒரு முறை திருப்பிச் சொன்னார். பிறகு, "எங்க இருக்கீங்க, கூட யாரு?" என்று கேட்டார். அது நான் சொல்லிக்கொடுக்காதது, அவராகச் சேர்த்துக்கொண்ட கேள்வி. பதில் சொன்னேன். "சேத்தாச்சு," என்றார்.

இணைக்கச் சொன்னேன். இந்த முறை சான்றிதழ் பொருந்தியது.

அதன் பிறகு வேலை சுலபம். சீட்டில் இருந்த எண்ணைத் தட்டினேன். இரண்டு லாட்டும் ஒரே பிரஸ், இரும்பை வெட்டும் அச்சான டையும் ஒன்றே. போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் அந்த டையைக் கழற்றித் தீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த அளவிலும் பிசிறு இல்லை. அதற்கு முந்தின இரண்டு ஷிப்டில் மட்டும் விளிம்பின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தது. எங்கள் லைன் பெண் ஒருத்தி அதைக் கவனித்து, 'டை மழுங்கிய மாதிரி தெரிகிறது' என்று குறிப்பும் எழுதியிருந்தாள். லேப்டாப்பை அப்படியே தலைவி பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த இரண்டு ஷிப்டின் டிராலிகளை எண்ணினார்.

"இதை யார் எழுதினது?"

"எங்க லைன் இன்ஸ்பெக்டர் மேடம்."

"அப்ப எட்டு டிராலி மட்டும்தான்," என்றார் அவர். "அதை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

ஐடி பிரிவின் ஆள் அப்போதுதான் வந்தார். இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. நான் காட்டிய சிவப்புத் திரையைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார். "அது எங்க பொட்டிதான் மேடம். விருந்தாளிங்க வைஃபைல போற எல்லாத்தையும் நடுவுல திறந்து பாத்துட்டு, திரும்ப மூடி அனுப்பும். வைரஸ் வரக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். மத்தவங்க எல்லாம் ஓகே குடுத்துட்டுப் போயிடுவாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இவங்க ஓகே குடுத்திருந்தா?" என்று தலைவி கேட்டார்.

"இவங்க பாஸ்வேர்டு எங்க பொட்டியில திறந்து கிடந்திருக்கும் மேடம்."

தலைவி என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாகச் சிரித்தார். "நாங்க அனுப்புற டிராயிங் எல்லாம் உங்க கிட்ட பத்திரமா இருக்கும்னு நினைக்கறேன்," என்றார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அவர்கள் கேன்டீனில் சாப்பாடு சொன்னார். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. பசி வேறு. மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டே, "நான் ஆஃப் பண்ணச் சொன்னதை ஆபீஸ்ல சொல்லிடாதீங்கம்மா," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த எட்டு டிராலியை வியாழன், வெள்ளியிலேயே தடவிப் பார்த்து முடித்துவிட்டார்கள். டையைப் பற்றிக் குறிப்பு எழுதியவளைத் தேடிப் போய்ச் சொன்னேன். "நான் சும்மா எழுதினேன்க்கா, யாரு படிக்கப் போறாங்கன்னு," என்றாள். அவளுடைய குறிப்பைத் தலைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததைச் சொன்னபோது, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. லைனில் இருக்கும் இன்னொரு பெண்ணின் குழந்தைக்குப் பென்னலூரில் காதுகுத்து. நாங்கள் எல்லோரும் போனோம். என் கணவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆசாரி காது குத்துவதைக் காட்டப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அண்ணாச்சி, எதிர் வரிசையில் லைன் பெண்கள்.

"அப்படி இன்னாதான்க்கா ஆச்சு அங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சான்றிதழ், குறியாக்கம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். இலையில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

அவளே இடைமறித்தாள். "எங்க ஹாஸ்டல்ல வார்டன் பார்சலைப் பிரிச்சுப் பாத்துட்டு, திரும்ப ஒட்டி, நம்ம கையில குடுக்கும். அனுப்பனவங்க ஒட்டன மாதிரியே இருக்கும். அதானே?"

"அதேதான்!" என்றேன். மூன்று மாதம் பஸ்ஸில் உட்கார்ந்து நான் படித்தது அவளுக்கு ஒரு கவளத்துக்குள் வந்துவிட்டது.

"ஆனா எங்க அம்மா ஒட்டறது எனக்குத் தெரியும்க்கா. டேப்பை ரெண்டு சுத்து சுத்தி ஓரத்துல மடிச்சு உட்டிருக்கும். வார்டனுக்கு அது தெரியாது."

அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவளைப் பார்த்தார். "இந்தப் புள்ளையை உங்க வேலைக்குச் சேத்துக்கிடுங்கம்மா," என்றார் என்னிடம்.

அவள் சிரித்துக்கொண்டே பாயசம் ஊற்றுகிறவரை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.